அணி யாருக்குச் சொந்தம்? ஒரு வாசகருக்குக் கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிரிக்கெட் வீரர்களை ஏலம் எடுக்கும் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அன்று இரவே எழுதியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பணம் போட்டவருக்குத்தான் அணி சொந்தம், அவர் நினைத்தால் நாளைக்கே பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், விற்றுவிட்டும் போகலாம். டிக்கெட் வாங்கித் தொண்டை வறளக் கத்துகிற நமக்கு அதில் என்ன பாத்தியதை இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குள் இருக்கும் வருத்தம் எனக்குப் புரிகிறது. பங்குப் பத்திரத்தை மட்டும் வைத்துப் பேசினால் உங்களுக்கு மறுப்புச் சொல்லவும் முடியாது.

ஆனால், இதே கேள்விக்கு ஒரு நகரம் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் வழியில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஜப்பானின் ஹிரோஷிமா. அந்த நகரத்தின் தொழில்முறை பேஸ்பால் அணிக்கு 'கார்ப்' என்று பெயர். நான் மிகவும் மதிக்கும் விளையாட்டு வரலாறுகளில் ஒன்று அது. அதைச் சொல்வதுதான் உங்களுக்கு நான் தரக்கூடிய நல்ல பதில் என்று நினைக்கிறேன்.

முதலில் ஜப்பானிய பேஸ்பாலின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அங்கே தொழில்முறை அணிகள் பெரும்பாலும் கம்பெனிகளின் பிள்ளைகள். டோக்கியோவின் ஜயன்ட்ஸ் அணி யோமியூரி என்ற செய்தித்தாள் நிறுவனத்துடையது. டைகர்ஸ் அணி ஹன்ஷின் ரயில் கம்பெனியுடையது. அணியின் பெயருக்கு முன்னால் கம்பெனியின் பெயர் நிற்கும். அணி நஷ்டத்தில் ஓடினாலும் கம்பெனிக்கு அது விளம்பரம். தேவையில்லை என்று தோன்றினால் விற்றுவிடும், அல்லது கலைத்துவிடும். நீங்கள் இன்று கேட்கும் கேள்வியை அங்கே 1950லேயே கேட்டிருக்கலாம்.

அந்தச் சூழலில்தான் ஹிரோஷிமா தனக்கென்று ஓர் அணி வேண்டும் என்று ஆசைப்பட்டது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அந்த நகரத்தின் மேல் அணுகுண்டு விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். நான்கே ஆண்டுகள் கழித்து, 1949இல், ஜப்பானின் தொழில்முறை பேஸ்பால் சென்ட்ரல், பசிபிக் என்று இரண்டு லீகுகளாகப் பிரியத் தொடங்கியது. புதிய அணிகளுக்கு இடம் இருந்தது. ஊரே இன்னும் எழுந்து நிற்காத நிலையில் ஹிரோஷிமாக்காரர்கள் அந்த இடங்களில் ஒன்றைக் கேட்டார்கள்.

இதை வெறும் ஆசை என்று நினைக்க வேண்டாம். போருக்கு முன்பே அது பேஸ்பால் ஊர். ஹிரோஷிமா வணிகப் பள்ளி, கோர்யோ பள்ளி போன்றவற்றின் மாணவர்கள் தேசிய அளவில் பேர் வாங்கியவர்கள். கோடை முழுவதும் ஆடிய ஆட்டத்தை மீண்டும் ஆடவேண்டும் என்பதற்கு அங்கே யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அணிக்குக் கார்ப் என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு கெண்டை மீன் வகை. ஹிரோஷிமாக் கோட்டைக்கே கெண்டைக் கோட்டை என்று ஒரு பெயர் உண்டு. பின்னால் நிற்கப் பெரிய கம்பெனி எதுவும் இல்லை. மாகாண அரசும் நகராட்சிகளும் பணம் தருவது, பொதுமக்கள் பங்கு வாங்குவது என்பதுதான் திட்டம். அந்தப் பணம் சொன்னபடி வந்து சேரவில்லை.

முதல் மேனேஜராக வந்தவர் ஷூயிச்சி இஷிமோட்டோ. அதே மண்ணின் மைந்தர். ஹிரோஷிமா வணிகப் பள்ளியை வெற்றி பெறவைத்தவர். பிறகு டைகர்ஸ் அணியைச் சாம்பியனாக்கியவர். அவருக்கு இங்கே கிடைத்தது பேர் தெரியாத இளைஞர்களும், வேறு அணிகளில் இடமில்லாத மூத்தவர்களும்தான். 1950 சீசனில் கார்ப் 41 ஆட்டங்களில் வென்று 96இல் தோற்றது. எட்டு அணிகளில் எட்டாவது இடம். சம்பளம் உரிய நாளில் வராது. வெளியூர் ஆட்டங்களுக்கு மூன்றாம் வகுப்பு ரயிலில் போனார்கள். இரவில் இருக்கைகளுக்கு நடுவே செய்தித்தாளை விரித்துப் படுத்தார்கள்.

1951 வசந்தத்தில் கையிருப்பு தீர்ந்தது. ஷிமோனோசெக்கி நகரத்தில் இருந்த தாய்யோ அணியோடு கார்ப்பை இணைத்துவிடலாம் என்று நிர்வாகிகள் முடிவுக்கு வந்துவிட்டார்கள். இணைப்பு என்று சொன்னாலும் கார்ப் அதோடு மறைந்துபோகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இஷிமோட்டோ அதற்குச் சம்மதிக்கவில்லை. நேரே ஊர்மக்களிடம் போனார். ஆலைகளில், அலுவலகங்களில், கிராமங்களில் பேசினார். ஆங்காங்கே ஆதரவாளர் சங்கங்கள் அமைத்து ஆளுக்குக் கொஞ்சம் தரச்சொன்னார். மைதானத்தின் வாசலில் ஒரு பெரிய மரப்பீப்பாயை வைத்தார்கள். அரிசியில் காய்ச்சும் 'சாக்கே' என்ற மதுவை நிரப்பும் பீப்பாய் அது. ஹிரோஷிமாப் பகுதி அந்த மதுவுக்குப் பேர்போனது. ஆட்டம் பார்க்க வந்தவர்கள் உள்ளே போகும்போது அதில் காசு போட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். காசு போட்டவர்கள் வீடு இழந்தவர்கள். குடும்பத்தில் பாதிப்பேரைப் பறிகொடுத்தவர்கள். குண்டுவீச்சின் நோய் உடம்பில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் வாழ்ந்தவர்கள். அவர்களிடம் உபரிப்பணம் என்று ஒன்று இருந்திருக்க வழியில்லை. ஏற்கெனவே டிக்கெட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் கொடுத்த காசுக்குப் பங்கும் கிடையாது, வட்டியும் கிடையாது, வெற்றி வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணி அடுத்த வாரமும் தோற்பதற்காகவாவது உயிரோடு இருக்கட்டும் என்று கொடுத்தார்கள். அணி பிழைத்தது.

பிழைத்த மறு ஆண்டே அடுத்த சோதனை வந்தது. அணிகளின் எண்ணிக்கையைக் குறைக்க விரும்பிய லீக், 1952 சீசனில் வெற்றி விகிதம் 30 சதவீதத்துக்குக் கீழே போகும் அணியைக் கலைக்கலாம் என்று ஒரு விதி செய்தது. யாரை மனத்தில் வைத்துச் செய்த விதி என்று ஊகிப்பது கடினமில்லை. கார்ப் 31.6 சதவீதத்தில் கரையேறியது. கோட்டுக்குக் கீழே விழுந்த அணி, 28.8 சதவீதம் எடுத்த ஷோச்சிகு ராபின்ஸ். நாடகமும் சினிமாவும் நடத்திய பெரிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய அணி அது. கார்ப் கடைசி இடம் பிடித்த அதே 1950இல் லீக் சாம்பியனாக இருந்த அணியும் அதுதான். இரண்டே ஆண்டுகளில் அது இன்னோர் அணியோடு இணைக்கப்பட்டு மறைந்தது.

அந்தக் காலத்தின் ஒரு வீரரைப் பற்றியாவது சொல்லியாக வேண்டும். ரியோஹெய் ஹசெகவா. பந்து வீசும் பிட்சர். குள்ளமான மனிதர், உயரம் 167 சென்டிமீட்டர். அடித்து ஓட்டம் எடுத்துக்கொடுக்க ஆளில்லாத அணியில் இருந்துகொண்டு 197 ஆட்டங்களை வென்றார், 208இல் தோற்றார். 1955இல் மட்டும் 30 வெற்றி. வலுவான அணி ஒன்றில் அவர் இருந்திருந்தால் அந்த எண்கள் எப்படி இருந்திருக்கும் என்று பேசுபவர்கள் உண்டு. அவர் தொடக்கம் முதல் முடிவு வரை கார்ப்பில்தான் ஆடினார்.

இன்னொரு கிளைக்கதை. ஹிரோஷிமாவிலிருந்து ஏராளமானோர் ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் பிழைக்கப் போயிருந்தார்கள். போர்க்காலத்தில் அமெரிக்கா தன் நாட்டு ஜப்பானியர்களைப் பாலைவன முகாம்களில் அடைத்துவைத்தது. ஹிரோஷிமாவில் பிறந்த கெனிச்சி செனிமுரா, அரிசோனாவின் கீலா ரிவர் முகாமுக்குள்ளேயே பேஸ்பால் மைதானம் அமைத்தவர். அவருடைய மகன்கள் இருவர் 1953இல் கார்ப்புக்கு ஆடவந்தார்கள். 1955இல் ஃபிப்பர் ஹிராயாமா வந்தார். அவரும் சிறுவயதில் முகாமில் இருந்தவர். குண்டு வீசிய நாட்டில் பிறந்தவர்கள். குண்டு விழுந்த ஊருக்காக ஆடவந்தார்கள். ஊர் அவர்களைத் திரண்டு வரவேற்றது.

1957இல் நகரத்துக்கு ஒரு நல்ல மைதானம் கிடைத்தது. பத்து உள்ளூர்த் தொழில் நிறுவனங்கள் சேர்ந்து செலவை ஏற்றுக்கொண்டன. இரவில் ஆட விளக்குகளும் போட்டார்கள். அது எழுந்த இடம் முக்கியம். அணுகுண்டில் எலும்புக்கூடாக நின்றுபோன கட்டடத்தை நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதற்கு எதிரில், டிராம் ஓடும் சாலைக்கு அந்தப் பக்கம். அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல் ஹிரோஷிமாவில் ஆட்டம் பார்க்கப் போனவர்கள் எல்லோரும் அந்தக் கட்டடத்தைக் கடந்துதான் போனார்கள், கடந்துதான் திரும்பினார்கள்.

மக்கள் அன்பு ஒன்றே அணியைக் காத்தது என்று எழுதினால் உங்களிடம் பாதி உண்மையை மட்டும் சொன்னவனாவேன். பீப்பாய்க் காசில் ஒரு சீசன் நகரும். இருபது சீசன் நகராது. அணி கடனில் மூழ்கி எழுந்துகொண்டேயிருந்தது. மஸ்டா கார்களைச் செய்த தோயோ கோக்யோ நிறுவனம் ஹிரோஷிமாவின் பெரிய முதலாளி. அதன் தலைவர் ட்சுனேஜி மட்சுடா 1968இல் அணியின் உரிமையாளரானார். அணியின் பெயர் 'ஹிரோஷிமா தோயோ கார்ப்' ஆனது. பிறகு அவர் மகன், அதன்பின் பேரன் என்று அந்தக் குடும்பத்திடமே பொறுப்பு தொடர்ந்தது. அவர்கள் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோகவில்லை. தங்கள் காசு அள்ளிக்கொட்டி நட்சத்திரங்களை வாங்கவும் இல்லை. தன் வருமானத்தில் தானே வாழவேண்டும் என்று நடத்தினார்கள். 1975 முதல் 2019 வரை ஆண்டுதோறும் அணி லாபக்கணக்குக் காட்டியது. பெரிய கம்பெனிகளின் அணிகளில்கூட இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடியவை குறைவு. நல்ல உரிமையாளர் என்றால் யார் என்று யாராவது என்னிடம் கேட்டால், ஊர் தன்னிடம் ஒப்படைத்ததை ஊரிலேயே வைத்திருப்பவர் என்று சொல்வேன்.

காசு இல்லாத அணி மூளையை நம்பவேண்டும். 1964இல் மேனேஜராக இருந்த கட்சுமி ஷிராயிஷி, ஜயன்ட்ஸின் புகழ்பெற்ற அடிவீரர் சடஹாரு ஓ அடிக்கும் பந்துகள் எங்கே போகின்றன என்று தோயோ கோக்யோவின் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கச் செய்தார். பெரும்பாலானவை வலப்பக்கம் போவது தெரிந்தது. பந்து பிடிப்பவர்களைக் கூட்டமாக வலப்பக்கம் நகர்த்தி நிறுத்தினார். 'ஓ ஷிப்ட்' என்ற அந்த வியூகம் ஜப்பான் முழுவதும் பேசப்பட்டது. ஆனாலும் கோப்பை வரவில்லை. 1972, 1973, 1974 மூன்று ஆண்டுகளும் கடைசி இடம்.

1975இல் ஜோ லட்ஸ் என்ற அமெரிக்கர் மேனேஜராக வந்தார். போராடும் மனம் வெளியே தெரியவேண்டும் என்று சொல்லி, நீலமாக இருந்த தொப்பியைச் சிவப்பாக்கினார். ஏப்ரல் மாதத்திலேயே, நடுவரோடு நடந்த ஒரு தகராற்றில் நிர்வாகம் தலையிட்டதை ஏற்காமல் பதவியை விட்டுப் போய்விட்டார். பதினைந்து ஆட்டங்கள்தான் இருந்தார். அவர் விட்டுப்போன சிவப்பு நிறம் மட்டும் நின்றுவிட்டது. இன்று அந்த ஊரின் நிறமே அதுதான். அவர் இடத்துக்கு வந்தவர் தகேஷி கோபா, கார்ப்பிலேயே ஆடி வளர்ந்தவர். அந்தக் கோடையில் அணி மேலே ஏறத் தொடங்கியது. கோஜி யமமோட்டோ, சச்சியோ கினுகாசா இருவரும் அடித்தார்கள்; யோஷிரோ சொடோகோபா வீசினார்.

அக்டோபர் 15, டோக்கியோவின் கொராகுஎன் மைதானம். எதிரில் ஜயன்ட்ஸ். கடைசி இன்னிங்ஸில் கார்ப்பின் கெயில் ஹாப்கின்ஸ் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னில் ஆட்டம் முடிந்தது போலத்தான். 4-0. இருபத்தாறாவது சீசனில் முதல் லீக் பட்டம். அதே ஆண்டு ஜயன்ட்ஸ் தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்துக்கு இறங்கியது.

ஹிரோஷிமாவின் அமைதிச் சாலையில் வெற்றி ஊர்வலம் போனபோது சுமார் 3 லட்சம் பேர் இருபுறமும் நின்றார்கள். அவர்களில் சிலர், இந்த நாளைப் பார்க்காமலே போய்விட்ட தம் வீட்டாரின் படங்களைக் கையில் ஏந்தி நின்றார்கள். பீப்பாயில் காசு போட்ட தகப்பனுக்கோ தாய்க்கோ அந்தப் பட்டத்தைக் காட்டுகிறார்கள். சொந்தம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்தச் சாலையில் மக்கள் மகிழ்ச்சியாகக் கூடமுடியும் என்று ஊர் அன்று கண்டுகொண்டது. 1977 முதல் ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் அங்கே நடக்கும் மலர்விழா, அந்த ஊர்வலத்தின் நினைப்பிலிருந்து பிறந்ததுதான்.

இரண்டு லீகுகளின் சாம்பியன்களும் மோதும் இறுதிப் போட்டித் தொடருக்கு ஜப்பான் சீரிஸ் என்று பெயர். 1975இல் அதில் கார்ப் தோற்றது. 1979இல் மீண்டும் போனது. எதிரணி கின்டெட்சு பஃபலோஸ். ஏழாவது ஆட்டம், ஒசாகாவில், நவம்பர் 4. கார்ப் 4-3 என்று முன்னிலை. கடைசி இன்னிங்ஸில் கின்டெட்சு ஓடுபவர்கள் நிற்கும் இடங்களான மூன்று பேஸ்களிலும் ஆள் நிறுத்திவிட்டது. ஒருவர்கூட அவுட் ஆகவில்லை. பந்து கார்ப்பின் பிட்சர் யுதாகா எனாட்சு கையில். அந்த நேரத்தில் கோபா வேறு பிட்சர்களைத் தயாராகச் சொல்வதை எனாட்சு பார்த்துவிட்டார். தன்மேல் நம்பிக்கை இல்லையா என்று கொதித்தார். முதல் பேஸில் நின்ற கினுகாசா அவரிடம் நடந்துவந்து, உன் மனம் எனக்குத் தெரியும், நீ இந்த அணியை விட்டுப் போனால் நானும் உன்னோடு வருகிறேன் என்ற பொருளில் பேசினார். எனாட்சு அமைதியானார். ஒருவரைப் பந்தை அடிக்கவிடாமல் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அடுத்த அடிவீரர் பந்தை மெல்லத் தட்டிவிட்டு மூன்றாம் பேஸில் நின்றவரை ஓடவைக்கப் பார்த்தார். வளைபந்துக்காகப் பிடித்த பிடியை மாற்றாமலே எனாட்சு பந்தை மட்டைக்கு எட்டாத இடத்துக்கு வீசினார். ஓடிவந்தவர் நடுவழியில் அவுட். பிறகு மட்டையோடு நின்றவரும் ஸ்ட்ரைக் அவுட். அந்த இன்னிங்ஸில் அவர் வீசிய 21 பந்துகளைப் பற்றி ஜப்பானில் இன்றும் எழுதுகிறார்கள். கார்ப் முதன்முறையாக ஜப்பான் சாம்பியன் ஆனது. 1980இலும் 1984இலும் மறுபடி.

கினுகாசாவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அவருடைய தந்தை போருக்குப் பின் ஜப்பானில் இருந்த கறுப்பின அமெரிக்கப் படைவீரர், தாய் ஜப்பானியர். அன்றைய ஜப்பானில் அப்படிப் பிறந்த பிள்ளைக்கு வாழ்க்கை எளிதாக இருந்திருக்காது. அவரை ஹிரோஷிமா தன் பிள்ளையாகவே வைத்துக்கொண்டது. 1970 முதல் 1987 வரை ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 2,215 ஆட்டங்கள் ஆடினார். 1979 ஆகஸ்ட் 1 அன்று எதிரணி வீசிய பந்து பட்டு அவருடைய தோள்பட்டை எலும்பு முறிந்தது. மறுநாளே மட்டையோடு வந்து நின்றார். மூன்று பந்துகளுக்கும் முழுவேகத்தில் மட்டையை வீசி, மூன்றையும் தவறவிட்டு அவுட் ஆனார். முதல் வீச்சு ரசிகர்களுக்காக, இரண்டாவது தனக்காக, மூன்றாவது தன்மேல் பந்து வீசிவிட்டு வருந்திக்கொண்டிருந்த அந்த பிட்சருக்காக என்று பிறகு சொன்னார். அவர் அடித்த 504 ஹோம் ரன்களுக்கு நிகராக அந்த மூன்று வீச்சுகளையும் ஊர் நினைவில் வைத்திருக்கிறது.

1980களின் வெற்றிகளுக்குப் பின்னால் ட்சுனேமி ட்சுடா என்ற பிட்சரும் உண்டு. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வந்து நெருப்பாக வீசுபவர். 1991 சீசனின் தொடக்கத்தில் அவருக்கு மூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. அவருக்காக வெல்வோம் என்று சகவீரர்கள் உறுதி எடுத்து ஆடினார்கள். லீக் பட்டத்தையும் வென்றார்கள். 1993இல் 32 வயதில் அவர் இறந்தார். அவர் நினைவாக மைதானத்தில் பதித்த தகட்டைத் தொட்டுவிட்டு ஆடுகளத்துக்குப் போவது பிட்சர்களின் வழக்கமானது.

அதன்பின் வறட்சி. 1993இல் வந்த புதிய விதிப்படி, குறிப்பிட்ட ஆண்டுகள் ஆடிய வீரர் தான் விரும்பும் அணிக்குப் போகலாம். வீரர்களுக்கு அது நியாயமான உரிமை. கார்ப்புக்கோ பெரிய அடி. வளர்த்து ஆளாக்கிய நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக ஜயன்ட்ஸுக்கும் டைகர்ஸுக்கும் போனார்கள். 1998 முதல் 2012 வரை பதினைந்து ஆண்டுகள் ஆறு அணிகளில் நான்காம் இடத்துக்கு மேல் வரவே இல்லை. நீங்கள் ஏலத்தில் பார்த்த பணத்தின் பலம் இதுதான்.

2004இல் இன்னொரு புயல். கின்டெட்சு ரயில் கம்பெனி தன் பேஸ்பால் அணியை ஓரிக்ஸ் அணியோடு இணைக்க முடிவெடுத்தது. ரசிகர்கள் கையெழுத்து வாங்கினார்கள். வீரர்கள் வரலாற்றில் முதன்முறையாக வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆனாலும் எனாட்சுவின் 21 பந்துகளை எதிர்கொண்ட அந்த அணி மறைந்தது. 1975 ஜப்பான் சீரிஸில் கார்ப்பை வென்ற ஹன்க்யூ அணியை அதன் ரயில் கம்பெனி 1988லேயே விற்றுவிட்டது. 1950இன் சாம்பியன் ஷோச்சிகு எப்போதோ போய்விட்டது. வரிசையாகப் பாருங்கள்: வலிமையான கம்பெனி பின்னால் நின்ற அணிகள் போய்ச் சேர்ந்தன. அன்று கடைசியில் நின்ற ஏழை அணி இருக்கிறது.

அந்தப் புயலின்போது கார்ப்பும் போய்விடுமோ என்ற பயம் ஊரைப் பிடித்தது. பழைய மைதானம் இடிந்துவிழும் நிலைக்கு வந்துகொண்டிருந்தது. புது மைதானம் வேண்டும் என்று ஹிரோஷிமாக்காரர்கள் மறுபடியும் பீப்பாய்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின் பேரப்பிள்ளைகளின் காசு அதில் விழுந்தது. நகராட்சி கட்டிய புது மைதானம் 2009 ஏப்ரலில், ரயில் நிலையத்துக்கு அருகே திறக்கப்பட்டது. இயற்கைப் புல், உள்ளே சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே ஆட்டம் பார்க்கும் பாதை, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டபடி பார்க்க மேசையுள்ள இருக்கைகள். சுமார் 12 லட்சம் பேர் வாழும் நகரம் அது. 2015இல் அந்த மைதானத்துக்கு ஒரே சீசனில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

அந்த 2015இல்தான் ஹிரோகி குரோடா திரும்பிவந்தார். கார்ப்பில் வளர்ந்த பிட்சர். 2006இல் அவர் வேறு அணிக்குப் போகலாம் என்ற நிலை வந்தபோது, நீ அழும் நாள் வந்தால் உன் கண்ணீராக நாங்கள் இருப்போம் என்ற பொருளில் ரசிகர்கள் மைதானத்தில் பெரிய பதாகை கட்டினார்கள். அவர் ஓராண்டு தங்கினார். பிறகு அமெரிக்கா போய் டாட்ஜர்ஸிலும் யாங்கீஸிலும் ஆடினார். 2014இல் யாங்கீஸ் அவருக்குக் கொடுத்தது 1 கோடியே 60 லட்சம் டாலர். அங்கே இன்னும் ஆட அழைப்பு இருந்தும், நாற்பதாவது வயதில், 40 கோடி யென்னுக்குக் கார்ப்புக்கு வந்தார். முந்தைய சம்பளத்தில் அது கால்வாசிக்கும் குறைவு. 2007இன் முடிவில் டைகர்ஸுக்குப் போயிருந்த தகாஹிரோ அராயும் அதே ஆண்டு திரும்பினார்; போனபோது திட்டியவர்களே வந்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். 2016 செப்டம்பர் 10, டோக்கியோ டோமில் ஜயன்ட்ஸை வென்று, 25 ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டம். குரோடாவும் அராயும் கட்டிப்பிடித்து அழுதார்கள். 2017இலும் 2018இலும் மீண்டும் பட்டம்.

ஜப்பான் சீரிஸ் கோப்பை மட்டும் 1984க்குப் பிறகு அந்த ஊருக்கு வரவில்லை. இதையும் நான் மறைக்க விரும்பவில்லை. அன்பு கோப்பையை வாங்கித்தராது. கின்டெட்சுவின் ரசிகர்களும் தங்கள் அணியை நேசித்தவர்கள்தான். அவர்கள் நேசம் அணியைக் காப்பாற்றவும் இல்லை. அவர்கள் கையில் இல்லாத முடிவு அது. ஹிரோஷிமாவுக்கு வாய்த்தது என்னவென்றால், ஊரின் கை முதல் நாளிலிருந்தே அணியின் மேல் இருந்தது. அணியைத் தொடங்கியது ஊர், காத்தது ஊர், மைதானம் கட்டியது ஊர். பின்னால் வந்த முதலாளியும் உள்ளூர்க்காரர். அவர் ஊரை மீறி நடக்க நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல பத்தாண்டுகள் ஆகஸ்ட் 6 அன்று கார்ப் சொந்த ஊரில் ஆடியதில்லை. 2011இல் அந்த வழக்கத்தை மாற்றி, அந்த நாளிலேயே ஹிரோஷிமாவில் ஆட்டம் நடத்தினார்கள். 2015இன் ஆகஸ்ட் 6 ஆட்டத்தில் கார்ப் வீரர்கள் அனைவரும் தங்கள் பெயரும் எண்ணும் இல்லாமல், முதுகில் 86 என்ற ஒரே எண்ணையும் ஊரின் பெயரையும் போட்டுக்கொண்டு ஆடினார்கள். எட்டாம் மாதம், ஆறாம் தேதி. ஒரு கம்பெனியின் விளம்பரமாக மட்டும் இருக்கும் அணியால் இதைச் செய்ய முடியாது. செய்தாலும் ஊர் அதை ஏற்காது.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. பங்குகளை வைத்திருப்பவருக்கு அணியை விற்கும் உரிமை இருக்கிறது. அதை யாரும் மறுக்கமுடியாது. ஆனால் ஓர் அணி தோற்கும்போதும் அதற்காகச் செலவழித்தவர்கள், அது சாகும் என்றபோது எழுந்துபோய்த் தடுத்தவர்கள், அதன் கதையைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள், இவர்களுக்கு அதன்மேல் வேறொரு பாத்தியதை உண்டு. அது பத்திரத்தில் எழுதித்தரப்படுவதில்லை. பொறுப்பை ஏற்று ஏற்றுத்தான் சேரும். ஹிரோஷிமா அதை எழுபது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கிறது.

ஏலத்தில் எடுத்த அணிகளை நீங்கள் பார்க்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன். நல்ல ஆட்டத்தை ரசிப்பதில் குற்றமில்லை. ஆனால் சொந்தமாக ஓர் அணி வேண்டும் என்ற ஏக்கம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அதற்கு மருந்து தொலைக்காட்சியில் இல்லை. உங்கள் ஊரிலேயே ஏதாவது ஒரு கபடிக் குழு, பள்ளிக்கூடத்துக் கால்பந்துக் குழு, தெரு முனைக் கிரிக்கெட் சங்கம் இருக்கும். பந்து வாங்கக் காசில்லாமல் இருக்கும். போன ஆண்டு எல்லா ஆட்டத்திலும் தோற்றிருக்கும். அங்கே போய் நில்லுங்கள். அடுத்த ஆண்டும் போய் நில்லுங்கள். அந்த அணி யாருடையது என்று அதன்பின் நீங்கள் யாரிடமும் கேட்கவேண்டியிருக்காது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்